நரி தங்காத வீடு

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பால்காரன் ஊற்றிவிட்டுப் போகும் பாலில் ஒரு சொட்டை நகத்தில் விட்டுப் பார்க்காமல் அடுப்பில் ஏற்ற விடமாட்டேன். காய்ச்சல் என்று வந்து படுப்பவனின் கக்கத்தில் வெப்பமானியை வைத்துவிட்டு, பக்கத்தில் எங்காவது வெந்நீர்க் குவளை ஒளிந்திருக்கிறதா என்று அவன் போர்வையை உதறிப் பார்ப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரஸ்ஸராக வேலை பார்த்தேன். டாக்டர் ஈப்போவிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார். மற்ற நாட்களில் மருந்து கொடுப்பதும், கட்டுப் போடுவதும், யாருக்கு நோய், யாருக்கு நடிப்பு என்று தீர்ப்புச் சொல்வதும் நான்தான். அந்த வேலைக்குச் சந்தேகப் புத்தி நல்லதென்று எல்லோரும் சொன்னார்கள். அதே புத்தியால்தான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். அதை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

மலையோரத்து ரப்பர் நிரைகளில் பால் வெட்டப் போன இரண்டு பேர், விழுந்து கிடந்த பெருமரத்தின் அடியில் ஒரு குட்டியைக் கண்டெடுத்துக் ஆட்களை மேய்க்கும் கங்காணியிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கங்காணி சேலம் பக்கத்து ஆள். தன் ஊரிலிருந்து நாற்பது குடும்பங்களை அவரே கப்பலேற்றி அழைத்து வந்திருந்தார். வடக்கு லயத்தில் முதல் வீட்டில் அவர் குடியிருந்தார். அந்த லயத்தில் பன்னிரண்டு வீடுகள். வீடு என்று சொல்வது மரியாதைக்கு. உள்ளே ஓர் அறை, வெளியே அடுப்பு வைக்க ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான்.

விஷயம் என் காதுக்கு வந்ததும் போய்ப் பார்த்தேன். கோழிக் கூண்டு ஒன்றில் குட்டி சுருண்டு கிடந்தது. செம்மண் நிற மயிர், வால் நுனியில் கறுப்பு, உருண்டைக் காது. குரைக்கவில்லை. மெல்லச் சீழ்க்கை அடித்தது. காது ஓரத்திலும் முழங்காலிலும் மயிர் உதிர்ந்து, பொருக்குத் தட்டியிருந்தது. தாய்ப்பால் இல்லாத குட்டி, நோஞ்சானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"டிரஸ்ஸரய்யா, நரிங்க!" என்றார் கங்காணி. அப்படிப் பூரித்த முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். பனங்கூடலுக்குள் நரியைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். "இது நரியில்லை, செந்நாய். காட்டு நாய். மலாயாவில் நரியே கிடையாது" என்றேன்.

"அதனாலதாங்க இது கெடைச்சது பெரிய யோகம்" என்றார் அவர். "மலாய்ச் சீம நரி இப்படித்தான் இருக்கும்போல. எங்க ஊர்ல பொங்கல் வந்தா காட்டுல வல போட்டு நரி புடிச்சாருவோம். ஊரே அது மொகத்துல முழிச்சிட்டு, மறுபடி காட்டுலயே கொண்டுபோய் விட்டுருவோம். இங்க கப்பலேறி வந்து இத்தன வருசத்துல ஒரு நரி மொகத்த யாரும் பாக்கல. அதாங்க எங்களுக்கு விடியவே இல்ல."

நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பது எங்கள் ஊரிலும் பேச்சுக்குச் சொல்வதுதான். அதற்காகக் கூண்டு கட்டி வைப்பவர்களை அங்கேதான் பார்த்தேன். காட்டு மிருகத்தை லயத்தில் வைத்திருந்தால் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்குத் தெரியப்படுத்துவேன் என்று மிரட்டினேன். ஒரு வாரத்தில் காட்டில் விட்டுவிடுகிறோம் என்று கங்காணி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. ஆனாலும் மலேரியாக் காலம், ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்திருந்தோம். குட்டியை மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துச் சொறி வந்தது.

முதலில் கங்காணியும் அவர் மனைவியும் வந்தார்கள். முன்கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, சொறிந்து சொறிந்து ரத்தம் கசிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அடுத்த வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பிறகு அதற்கடுத்த வீடு. குழந்தைகளுக்குத்தான் அதிகம், மார்பெல்லாம் தடித்திருந்தது. நான் வீடு வீடாகப் போய் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொறி வரிசை தப்பாமல் வந்துகொண்டிருந்தது. நோய் இப்படிக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி வரிசையில் நின்றா வரும் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. சாதாரணச் சிரங்கென்றால் விரல் இடுக்கில்தான் முதலில் தேட வேண்டும். இவர்களுக்கு விரல் இடுக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. தாளின் ஓரத்தில் அதையும் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததோடு சரி.

என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. நான் லயத்துக்குள் கால் வைத்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு வீட்டில் பாயை உதறச் சொன்னால், அந்த வீட்டுப் பெண் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்ப்பாள். கங்காணி வீட்டுக் கூண்டுக்குப் போய்ப் பார்த்தேன். குட்டி அதில்தான் இருந்தது, முன்னைவிட மெலிந்து போய். "நாளைக்கே விட்டுடறேங்க" என்றார் கங்காணி. எதை மறைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது.

பத்து நாளில் தாள் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு வீட்டில் பதினொன்றில் சொறி. ஒன்பதாவது வீட்டில் மட்டும் ஒன்றுமில்லை.

ஒன்பதாவது வீட்டில் ஒரு விதவை தனியாக இருந்தாள். முப்பது வயதிருக்கும். வந்த இரண்டாம் வருஷமே புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். அதன் பிறகு துரை அவளை ஆயாக் கொட்டகையில் போட்டிருந்தார். தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை அது. அங்கே முப்பது குழந்தைகளைக் குளிப்பாட்டி, பால் புகட்டி, தூங்க வைப்பது அவள் வேலை. காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு எதிரே அவள் வரக் கூடாதென்று கங்காணி கட்டளை போட்டிருந்தார். அதனால் சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் கொட்டகைக்குப் போவாள். அதைப் பற்றி அவள் முறையிட்டு நான் கேட்டதில்லை.

அவளை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தேன். கையை நீட்டச் சொன்னேன். முழங்கை வரை பார்த்தேன். என் மனைவியைக் கூப்பிட்டு, மறைவில் வைத்து உடம்பையும் பார்க்கச் சொன்னேன். ஒரு புள்ளிகூட இல்லை.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. கொஞ்ச நாள் முன்புதான் ஈப்போ டாக்டர் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். சில பேர் உடம்பில் நோய் தங்கியிருக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது, தொட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்று. அவர் சொன்னது குடல் காய்ச்சலைப் பற்றி. நான் அதைத் தூக்கிச் சொறிக்கு மாட்டினேன். எல்லா வீட்டுக் குழந்தைகளும் அவள் கையில். எல்லா வீட்டிலும் சொறி. அவளுக்கு மட்டும் இல்லை. இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? லயத்தில் பெண்கள் ஏற்கெனவே அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், "அவளுக்கு மட்டும் ஏன் வரல?" என்று. அவர்கள் வாயில் வந்தால் அது மூடநம்பிக்கை, என் வாயில் வந்தால் வைத்தியம்!

"உனக்கு ஏன் சொறி வரவில்லை?" என்று அவளைக் கேட்டேன்.

"எனக்கென்னங்கய்யா தெரியும்?" என்றாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அந்த நரி என் வீட்டுக்கு மட்டும் வரலைங்கய்யா."

"நரி வீட்டுக்கு வருவதா? அது கூண்டில்தானே இருக்கிறது?"

"பகல்ல கூண்டுல இருக்கும். அது மனுசங்களோட பழகுனதுலேர்ந்து, பொழுது போனா மொறை வச்சி வீட்டு வீட்டுக்குக் குடுத்து அனுப்புவாரு கங்காணி. விடிஞ்சதும் மொத மொதல்ல அது மொகத்துல முழிக்கணும்ல? புள்ளைங்க பாயிலதான் படுத்துக்கும். நான் தாலி அறுத்தவ. என் வீட்டுக்கு வந்தா அதோட ராசி போயிருமாம். அதனால எட்டாம் வீட்டுல இருந்து நேரா பத்தாம் வீட்டுக்குப் போயிருச்சு."

இத்தனை தெளிவாகச் சொன்னாள். என் சந்தேகப் புத்தி என்ன செய்தது தெரியுமா? அவளையே சந்தேகப்பட்டது. தன்னை ஒதுக்கி வைத்த கங்காணியைப் பழி வாங்க இவள் கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். கங்காணியைக் கேட்டேன். "ஐயோ, காட்டு மிருகத்த எவனாச்சும் புள்ளைங்களோட படுக்க வைப்பானாங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. பாலை நகத்தில் விட்டுப் பார்க்கிறவன், அந்தக் குட்டியின் காதை ஒரு தடவை சுரண்டிப் பார்க்கவில்லை.

துரைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். இன்னாருக்குத் தோல் நோய் இல்லை, ஆனால் பிறருக்குப் பரப்புகிறவர் என்று நிச்சயமாகத் தெரிகிறது, குழந்தைகளிடமிருந்து உடனே விலக்க வேண்டும். துரை குழந்தைகளிடமிருந்து மட்டும் விலக்கவில்லை, மறுநாளே தோட்டத்திலிருந்தே பேரை வெட்டிவிட்டார். விலக்குச் சீட்டில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் என் வாக்கியத்தையே ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பார்த்து எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

போகிற அன்று காலை அவள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணி மூட்டை, ஒரு பித்தளைச் செம்பு. சுங்கை சிப்புட் பக்கம் வேறு தோட்டத்தில் வேலை கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அழவில்லை. எனக்கு அதுகூட அப்போது சந்தேகமாகத்தான் இருந்தது.

"என்னையும் அது மொகத்துல முழிக்க விட்டிருந்தாங்கன்னா எனக்கும் சொறி வந்திருக்கும்" என்றாள். "நானும் இங்கயே இருந்திருப்பேன்."

மாட்டு வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அவள் போன மறுநாள் கந்தகமும் களிம்பும் வாங்கி வர ஈப்போவுக்குப் போனேன். ரயில் தவறியதால் அங்கேயே தங்கி அடுத்த நாள் திரும்பினேன். அதற்குப் பிறகு நாலைந்து நாளில் என் வயிற்றில் அரிக்கத் தொடங்கியது. இரண்டு முன்கையிலும் தடிப்பு. என் மனைவிக்கு என்னைவிட அதிகம். அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு சமைத்தாள்.

படுக்கையை வெயிலில் போடலாம் என்று எடுத்தபோது தலையணை உறையில் குட்டை குட்டையாகச் சில மயிர்கள் ஒட்டியிருந்தன. சிவப்பு மயிர். ஒரு கணம் என் புத்தி போன போக்கை எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் துரைக்கும் செம்பட்டை முடிதான். அந்த மயிரைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியின் முன்னால் போய் நின்றேன். என் முகத்தில் அவள் என்ன கண்டாளோ, நான் கேட்பதற்கு முன்பே அழுதுவிட்டாள்.

"நீங்கள் ஈப்போவுக்குப் போன அண்டைக்குக் கங்காணியின்ரை மனுசி கொண்டந்து விட்டவ. ஒரு ராத்திரிதான். விடிய எழும்பேக்கை அதின்ரை முகத்திலை முழிச்சால் வயித்திலை ஒண்டு தங்குமெண்டு சொன்னவ. உங்களுக்குச் சொன்னால் ஏசுவியளெண்டு பேசாமல் இருந்திட்டன்."

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. கூலிக்காரர்களின் மூடத்தனம் என்று என்னோடு சேர்ந்து சிரித்தவள் அவள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "எங்கே படுத்தது?" என்று மட்டும் கேட்டேன். "உங்கடை பக்கத்திலைதான்" என்றாள்.

நேரே கங்காணி வீட்டுக்குப் போனேன். குட்டியைக் கூண்டோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரச் சொன்னேன். அதற்குள் அதன் முகத்தில் பாதி மயிர் உதிர்ந்து, கண்ணைச் சுற்றித் தோல் தடித்துப் போயிருந்தது. இந்த முகத்தில்தான் லயம் முழுதும் முழித்துக்கொண்டிருந்தது. காதோரத்துப் பொருக்கைக் கத்தியால் சுரண்டி, மலேரியா பார்க்க வாங்கிப் போட்டிருந்த நுண்ணோக்கியில் வைத்தேன். உருண்டை உருண்டையாய், குட்டைக் கால்களோடு சிற்றுண்ணிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, எண்ண முடியவில்லை. காட்டில் நாய்க்கு நாய் தொற்றுகிற சொறி உண்ணி. மனிதத் தோலில் அது கடிக்கும், தடிக்க வைக்கும், ஆனால் வளை தோண்டிக் குடும்பம் நடத்தாது. அதனால்தான் விரல் இடுக்குகள் சுத்தமாக இருந்தன. மிருகத்தை விலக்கினால் சொறி தானாகவே அடங்கிவிடும். எல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது. வரிசையாக வந்த சொறி வரிசையாகப் போன குட்டியைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. நானோ விடுபட்ட வீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

குட்டிக்குக் குளோரோபாரம் கொடுத்தேன். அது பிழைக்கிற நிலையில் இல்லை. கங்காணி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் உண்ணியைப் பற்றி விளக்கினேன். நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "என்னமோ ஊருதுங்க" என்றார். பிறகு, "எதுக்கும் அவ போனது நல்லதுங்க" என்றார்.

மூன்று வாரத்தில் லயத்தில் சொறி அடங்கிவிட்டது. அவள் போனதால்தான் அடங்கியது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். துரை என் முதுகில் தட்டிக் கொடுத்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை அவர் ஆபீஸ் படிவரை போனேன். நரி என் வீட்டிலும் தங்கியது என்று சொல்ல வேண்டும். டிரஸ்ஸர் பெண்சாதியும் அதன் முகத்தில் முழித்தாள் என்று கிளப்பில் பேசிச் சிரிப்பார்கள். "எங்கடை மானம் போயிடும்" என்று மனைவி கெஞ்சினாள். அவள் கெஞ்சியது எனக்குச் சாக்காகிவிட்டது. உண்மையில் நான் பயந்தது என் பேருக்குத்தான். அறிக்கையில் ஒரே வரி எழுதினேன், தொற்று ஒழிந்தது என்று.

பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டிரஸ்ஸர் எழுதியிருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், முன்பின் பழக்கமில்லை. இன்ன பெண் வேலை கேட்டு வந்திருக்கிறாள், நல்ல சுறுசுறுப்பு, ஆயாக் கொட்டகைக்கு ஆளும் தேவை, ஆனால் அவள் சீட்டில் தங்கள் கையெழுத்தோடு இப்படி எழுதியிருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

ஒரு மனிதனுக்குத் தன் தவற்றைச் சரிசெய்ய இதைவிடச் சுலபமான வாய்ப்புக் கிடைக்காது. அன்றே பதில் எழுதினேன். நாலு தாள் எழுதிக் கிழித்தேன். குட்டியைப் பற்றி எழுதினால் வீட்டு விஷயம் வரும். நான் பிசகிவிட்டேன் என்று எழுதினால் அந்த மனிதர் பத்துப் பேரிடம் சொல்லுவார், எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். கடைசியில் கௌரவமாக ஒரு வரி எழுதி அனுப்பினேன். "அப்பெண்ணுக்குத் தோல் நோய் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்." உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பத்து நாளில் அவரிடமிருந்து பதில் வந்தது.

"தங்கள் கடிதம் கிடைத்தது. அவளுக்கு நோய் இல்லை என்பது சீட்டிலேயே இருக்கிறது, நானும் பார்த்தேன், உடம்பு சுத்தமாகத்தான் இருக்கிறது. நோய் இல்லாமலே பரப்புகிறவள் என்று தாங்கள் எழுதியிருப்பதுதான் எங்கள் துரைக்குப் பயம். அந்த வார்த்தையைத் தாங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கடிதத்தில் காணவில்லை. ஆகையால் அவளை அனுப்பிவிட்டோம். எங்கே போனாள் என்று தெரியாது."